நாலு பேருக்கும் ஒரே எண்

ராசாத்திக்குப் பேச்சு திரும்பிவிட்டது. சரியான சொல்தான் இன்னும் திரும்பவில்லை.

தண்ணீர் வேண்டுமென்றால் சாவி என்றாள். போர்வையைக் காட்டி பஸ் வந்துருச்சா என்றாள். நடராசன் ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்டி, மனைவியின் தலை அசையும்வரை பொறுமையாக நின்றார்.

"சாவின்னா தண்ணி. எனக்குப் பழகிடுச்சு" என்று இளைய மகளிடம் சொன்னார்.

புவனேஸ்வரி பையைத் தோளில் மாட்டியபடி கட்டிலருகே நின்றிருந்தாள். அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஆனால் கால் நகரவில்லை.

ஒரு மாதத்துக்கு முன்புவரை இந்த வீட்டில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. மருமகனே ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கும்போது ஐம்பது தாண்டிய மாமியார் ஒரு தரம் பார்த்துக்கொண்டால் என்ன என்று பெரிய மகள் ஜெயசித்ராதான் கூப்பிட்டாள். ஆடி முதல் தேதி ராசாத்தி பெரம்பலூர் போய், மணிவேலின் லேபில் ரத்தம் கொடுத்தாள். சர்க்கரை 286 என்று சீட்டு வந்தது. சீட்டைப் பார்த்து டாக்டர் மாத்திரை எழுதினார். பதினோராம் நாள் காலையில், குழாயடியில் குடத்தோடு விழுந்தவளைத் திருச்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அங்கே எடுத்த சோதனையெல்லாம் ஒன்றையே சொன்னது. இந்த அம்மாவுக்குச் சர்க்கரை நோயே கிடையாது. ரத்தத்தில் இருக்க வேண்டிய சர்க்கரையையும் மாத்திரை வழித்துவிட்டிருந்தது. அதில் மூளை வாடிவிட்டது. எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது.

எண்ணை மாற்றி அடித்தது லேபில் வேலை பார்க்கும் கண்ணகி என்று மணிவேல் சொன்னார். மருந்துக்கடைக்காரரும் டீக்கடையில் நின்றவர்களும் பார்க்க, லேப் வாசலிலேயே அவளை வெளியே போகச் சொன்னார். ஒன்பது வருடம் ஊசி பிடித்தவள், செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனாள் என்று பேச்சு.

கண்ணகி போனபின் லேபில் கம்ப்யூட்டரில் உட்கார ஆள் இல்லை. புவனாவோ எம்.சி.ஏ. முடித்துவிட்டு, வரும் திங்கட்கிழமை சென்னையில் ஒரு கம்பெனியில் சேரக் காத்திருப்பவள். தவிர, அந்த லேபில் ஓடும் புரோகிராமே அவள் எழுதியது. நாலு நாளைக்கு வந்து உட்கார் என்று மணிவேல் கேட்டிருந்தார்.

"என் கையாலதான் குடுத்தேன்" என்றார் நடராசன் திடீரென்று.

"சீட்டுல இருந்ததைப் பாத்துத்தானப்பா குடுத்தீங்க."

"சீட்டைப் பாத்தேன். ஆளைப் பாக்கலியே. மாத்திரை போட்ட மறுநாள்லேருந்து அவளுக்குக் கை நடுங்குச்சு. பசிக்குதுன்னா. சர்க்கரைக்காரிக்கு ரெண்டாந்தரம் சோறு கூடாதுன்னு நான் தட்டை நவுத்தி வெச்சேன்."

சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு எடை போடும் மேடையில் இருபது வருடம் உட்கார்ந்து எழுந்தவர் அவர். எழுதியிருப்பதை நம்பியே பழகியவர். கடிந்து ஒரு சொல் பேசாத அந்த மனிதர், அன்று சுவரைப் பார்த்துக்கொண்டு, கண்ணகி நல்லா இருக்க மாட்டா என்றார்.

புவனாவும் மனசுக்குள் ஆமென்றாள். அந்தச் சாபத்தோடுதான் பஸ் ஏறினாள்.

அன்று ஆவணி முதல் தேதி. பெரம்பலூரில் மாதாந்திர மின்தடை. ஒன்பது மணிக்குப் போன கரண்டு இரண்டு மணிக்குத்தான் வரும் என்று பேப்பரிலேயே போட்டிருந்தது.

லேபில் ஒரு இன்வெர்ட்டர் உண்டு. ரத்தம் பார்க்கும் மெஷினையும் கம்ப்யூட்டரையும் அது தாங்கும். பிரிண்டரைச் சேர்த்தால் கீச்சென்று கத்தி எல்லாவற்றையும் அணைத்துவிடும். அதனால் மின்தடை நாளில் எண்களை மட்டும் ஏற்றிவைப்பது, கரண்டு வந்ததும் மொத்தமாக அச்சடிப்பது என்று அங்கே ஒரு வழக்கம். மணிவேல் அதைச் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிகளில் ரத்தம் எடுத்து வரக் கிளம்பிப் போனார்.

மூன்று பேர் காத்திருந்தார்கள். மெஷினைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த தற்காலிகப் பெண் ஒவ்வோர் எண்ணாகத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். புவனா முதல் ஆளுக்குத் திரையில் ஒரு ஜன்னல் திறந்து, பெயரும் 88 என்ற எண்ணும் அடித்து, அதைக் கீழே இறக்கி வைத்தாள். இரண்டாம் ஆளுக்கு இன்னொரு ஜன்னல், 210. மூன்றாவது ஆளுக்கு 131.

மூன்றாவது ஆள் ஒரு பெரியவர். விசிறிக்கொண்டே, "ஆடிக்குப் பொறந்த வூட்டுக்குப் போன பொண்ணுங்களே திரும்பி வந்துட்டாளுவோ. இந்தக் கரண்டு இன்னும் வரலியே" என்றார். மற்ற இருவரும் சிரித்தார்கள். புவனாவுக்கும் பல நாள் கழித்து உதடு கொஞ்சம் விரிந்தது.

இரண்டு மணிக்கு மேல் மின்விசிறி சுற்றியது. அவள் மூன்று ஜன்னல்களையும் ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து அச்சடிக்கச் சொன்னாள். பிரிண்டர் கரகரவென்று மூன்று தாள்களைத் தள்ளியது.

முதல் தாளில் 131. இரண்டாவது தாளில் 131. மூன்றாவதிலும் 131.

தானே தப்பாக அடித்துவிட்டோமோ என்று திரையைப் பார்த்தாள். முதல் ஜன்னலில் 88 என்றே இருந்தது. கண்ணெதிரே 88. கையிலிருந்த தாளில் 131.



பிரிண்டரில் கோளாறு என்று சொல்லி, மூன்று பேருக்கும் சரியான எண்ணைக் கையால் எழுதிக் கொடுத்து அனுப்பினாள். தற்காலிகப் பெண்ணைச் சாப்பிடப் போகச் சொன்னாள். பிறகு தான் எழுதிய புரோகிராமைத் திறந்தாள்.

எங்கே பார்க்க வேண்டும் என்று விரலுக்கே தெரிந்திருந்தது.

அந்தப் புரோகிராமில் முக்கியமாக இரண்டு பகுதிகள். ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு பகுதியை கிளாஸ் என்பார்கள். ஒரு கிளாஸ், எண்ணை வாங்கிக்கொள்ளும் ஜன்னல். இன்னொரு கிளாஸ், அச்சடிப்பது. ஜன்னலில் அடித்த எண் அச்சடிக்கும் கிளாஸுக்குப் போய்ச் சேர வேண்டும். வைகாசியில் அந்த ஒரு இடத்தில்தான் அவள் பத்து நாள் முட்டி நின்றாள். அச்சடிக்கும் கிளாஸுக்குள் புதிதாக ஒரு ஜன்னலை உண்டாக்கி அதனிடம் எண்ணைக் கேட்டாள். புதிதாகப் பிறந்த ஜன்னலுக்கு என்ன தெரியும்? பூஜ்யம் என்றது. நாளெல்லாம் பூஜ்யம், பூஜ்யம் என்றே தாள் வந்தது.

கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தவரிடம் போய் நின்றாள். அவர் டீயைக் கீழே வைக்காமலே, அந்த எண்ணுக்கு முன்னால் ஸ்டேடிக் என்று ஒரு வார்த்தை போட்டுக்கொள், எந்த கிளாஸிலிருந்தும் எடுக்கலாம் என்றார். போட்டாள். எண் வந்தது. அன்றைக்கு வீட்டில் கேசரி.

ஸ்டேடிக் என்றால் எத்தனை ஜன்னல் திறந்தாலும் எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த எண் ஒன்றே ஒன்றுதான். இது பாடத்தில் உண்டு. பரீட்சையில் எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கியும் இருக்கிறாள். ஆளுக்கு ஒரு ஜன்னல் திறந்து, அடித்து, அச்சடித்து, மூடும்வரை ஒரு வில்லங்கமும் இல்லை. நாலு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் பிறகு அச்சடித்தால், கடைசியாக அடித்த எண் முந்தைய மூன்றையும் அழித்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். பெயர்கள் அவரவருடையவை. எண் மட்டும் கடைசி ஆளுடையது.

அவள் சோதித்துப் பார்த்ததெல்லாம் ஒற்றை ஜன்னலில்தான். கரண்டு போகும் ஊருக்கு எழுதுகிறோம் என்ற நினைப்பே அப்போது இல்லை.

அச்சடித்ததெல்லாம் தேதிவாரியாகக் கம்ப்யூட்டரில் பதிந்திருக்கும். ஜூலை பதினேழைத் திறந்தாள். ஆடி முதல் தேதி. போன மாத மின்தடை நாள். லேபில் இந்தப் புரோகிராம் வந்தபிறகு வந்த முதல் மின்தடை.

ராசாத்தி, அரியலூர், 286.

அரியமுத்து, ஆலத்தியூர், 286.

மைமூன் பீவி, லப்பைக்குடிக்காடு, 286.

தங்கசாமி, திருமானூர், 286.

 தங்கசாமி யாரோ, அந்த 286 அவருடையது. அம்மாவின் எண் என்ன என்பது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை.

திருத்துவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்டேடிக் என்ற அந்த வார்த்தையை எடுத்தாள். அச்சடிக்கும் கிளாஸிடம் எந்த ஜன்னலோ அந்த ஜன்னலையே கையில் கொடுத்து, இதில் இருப்பதை அச்சடி என்று எழுதினாள். நாலே வரி. மூன்று ஜன்னல் திறந்து பார்த்தாள். 88, 210, 131 என்று ஒழுங்காக வந்தது. அது ஒழுங்காக வந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மேசையில் தலையை வைத்து அழுதாள்.

மணிவேல் மூன்றரை மணிக்கு வந்தார். அவள் முன்னுரை எதுவும் வைக்கவில்லை. தாள்களைக் காட்டி, ஜூலை பதினேழைக் காட்டி, தப்பு தன்னுடைய புரோகிராமில் என்றாள்.

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். முகத்தைத் துண்டால் துடைத்தார். பிறகு, அடித்தவர் மேல் தப்பில்லையா என்று கேட்டார். இல்லை என்றாள். யார் உட்கார்ந்து அடித்திருந்தாலும் இப்படித்தான் வந்திருக்குமா என்று இன்னொரு தரம் கேட்டார். ஆமாம் என்றாள். அவர் நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு இறங்கியது.

"இது உனக்கும் எனக்கும் தெரிஞ்சதோட போவட்டும், புவனா" என்றார்.

"கண்ணகியக்கா?"

"அவங்களுக்கு நான் வேற எடத்துல வேலை சொல்றேன். நீ திங்கக்கிழமை சென்னை போற. இந்தப் புரோகிராமைக் காட்டித்தானே வேலை வாங்கின? அது ஆளைச் சாய்ச்சுதுன்னு தெரிஞ்சா உன்னை எவன் உள்ள விடுவான்? லேப் பேரு கெட்டா உங்கக்காவும் புள்ளைவொளும் எங்க போவாங்க?"

அவர் அதட்டவில்லை. கெஞ்சுவதுபோலத்தான் சொன்னார். அதனாலேயே எதிர்த்துப் பேச வரவில்லை. ஆனால் திரையில் இருந்த நாலு பெயர்கள் அவளை விடவில்லை.

"மாமா, தங்கசாமிக்கு நெஜமாவே சர்க்கரை. அம்மா தப்பிச்சதோ தப்பிக்கலையோ, மாத்திரையை நிறுத்தியாச்சு. மீதி ரெண்டு பேரு?"

மணிவேலின் கை துண்டோடு நின்றது. அதுவரை அவர் அதை நினைக்கவே இல்லை என்பது நன்றாகத் தெரிந்தது.

மைமூன் பீவியின் வீட்டில் போன் இருந்தது. மகன்கள் துபாயில் இருக்கும் வீடு. அவரே எடுத்தார். மாத்திரை போட்டதிலிருந்து கிறுகிறுவென்று வருகிறது, வயசாகிவிட்டதல்லவா என்றார். மணிவேல் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டு பேசினார். மாத்திரையை இந்த நிமிடமே நிறுத்துங்கள், இப்போதே எதையாவது சாப்பிடுங்கள், நாளைக் காலை நானே வண்டி அனுப்புகிறேன், டாக்டரைப் பார்த்துவிட்டு மறுபடி ரத்தம் பார்க்கலாம் என்றார். எதற்கு என்று அந்த அம்மாள் கேட்டார். மெஷினில் சந்தேகம் என்றார். அல்லா காப்பாத்தினான் தம்பி, நீங்க நல்லாருக்கணும் என்று அந்த அம்மாள் வாழ்த்தியது புவனாவுக்கும் கேட்டது.

அரியமுத்துவின் பெயருக்கு நேரே போன் நம்பர் இல்லை. ஆலத்தியூர் என்று மட்டும்தான். மணிவேல் வண்டிச் சாவியை எடுத்தார். போகும்போது, நான் வரும்வரை வாயைத் திறக்காதே என்றார்.

அவர் வண்டி தெரு முனை திரும்பியதும் புவனா லேபைப் பூட்டினாள். அக்கா வீட்டுக்குப் போகும் வழி இடதுபுறம். அவள் வலதுபுறம் நடந்தாள்.

துறைமங்கலத்தில் ஒரு காம்பவுண்டுக்குள் கண்ணகியின் வீடு. ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள், வந்தது யாரென்று தெரிந்ததும் முறத்தோடு எழுந்துவிட்டாள். நாற்பது வயதுக்காரி, மூன்று வாரத்தில் ஐம்பதைத் தொட்டிருந்தாள்.

"அம்மாவுக்கு எப்படி இருக்கு, பாப்பா?"

அதுதான் முதல் கேள்வி. புவனா பதில் சொல்வதற்குள் கண்ணகி தானே பேச ஆரம்பித்தாள். கண் கெட்டுவிட்டதோ என்று போய்க் காட்டினாளாம். பார்வை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்களாம். அப்படியானால் புத்திதான் கெட்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டாளாம். "ஒன்பது வருசத்துல ஒரு டியூப்பு மாத்துனதில்ல. உங்கம்மா நம்பர்ல எப்படிக் கை தவறுச்சுன்னு படுத்தாலும் அதான், எந்திரிச்சாலும் அதான். சோறு எறங்கல."

"கை தவறல, அக்கா" என்றாள் புவனா.

கம்ப்யூட்டர் வார்த்தைகளில் சொன்னால் அவளுக்கு எட்டாது. எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது அது தானாகவே வாயில் வந்தது.

"ஆளுக்கு ஒரு டியூப்புல ரத்தம் எடுத்துப் பேரு ஒட்டுவீங்கல்ல? நான் பேரை மட்டும் தனித்தனியா ஒட்டிட்டு, டியூப்பு ஒண்ணே ஒண்ணுதான் வெச்சேன். அடுத்த ஆளு வந்தா முன்ன இருந்ததைக் கொட்டிட்டு அதுலயே புடிச்ச மாதிரி. கடைசி ஆளு ரத்தம்தான் எல்லாரு பேருலயும் போச்சு."

கண்ணகி முறத்தை இடுப்பில் சாய்த்துக்கொண்டாள்.

"ஆளுக்கு ஒரு டியூப்பு. வேலைக்குச் சேந்த அன்னைக்கு எனக்குச் சொல்லிக் குடுத்ததே அதான், பாப்பா. எட்டாவது படிச்ச எனக்கே சொல்லிக் குடுத்தாங்க."

அவள் குத்திச் சொல்லவில்லை. உண்மையாகவே புரியாமல்தான் சொன்னாள். அது புவனாவைக் குனிய வைத்தது.

மின்தடை நாளில் மட்டும்தான் இந்தக் கோளாறு வரும், அன்றைக்கு நாலு பேருக்கு அடித்தீர்கள் என்று அவள் விளக்கினாள். என்றைக்கு என்று கண்ணகி கேட்டாள். ஆடி ஒன்றாம் தேதி, ஜூலை பதினேழு என்றாள்.

"திங்கக்கிழமையா?"

"ஆமாம்."

"நான் அன்னைக்கு வேலைக்கே வரலியே."

முறத்திலிருந்த அரிசி சரிந்தது. கண்ணகி அதைக் கவனிக்கவில்லை. சிறுவாச்சூர் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறப்பார்கள். ஆடி முதல் நாளே திங்களாக வாய்த்ததே என்று மகளைக் கூட்டிக்கொண்டு மாவிளக்குப் போடப் போயிருந்தாள். முந்தின நாளே லீவு சொல்லிவிட்டுத்தான் போனாள். எந்தத் தேதிச் சீட்டு என்று அவளிடம் யாருமே சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை; மணிவேல் வெளியிலிருந்து எடுத்து வந்த டியூப்களில் ஒன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நீதான் என்றார்கள். நான்தான் என்று நம்பிவிட்டாள்.

"அப்ப அன்னைக்கு யாரு உக்காந்தா?" என்று புவனா கேட்டாள். 

"நான் வராத அன்னைக்கெல்லாம் உங்கக்காதான் பாப்பா உக்காருவாங்க."

 

கண்ணகி சிந்திய அரிசியை அள்ளி முறத்தில் போட்டாள். எனக்கு அந்த வேலை இனி வேண்டாம் என்றாள். வேறு எதுவும் வேண்டாம் என்றாள். "ஆனா என்னை மருந்துக்கடைக்காரரு முன்னாடி போகச் சொன்னாங்க. எம்பொண்ணு படிக்கிற பள்ளிக்கூடம் வரைக்கும் போயிடுச்சு. அதே எடத்துல, அதே ஆளுங்க முன்னாடி, கண்ணகி இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லணும். காலையில ஒம்பது மணிக்கு நான் வந்து நிப்பேன். நீ சொல்லுவியா?"

"சொல்றேன், அக்கா" என்றாள் புவனா.

சித்ராவின் வீட்டில் அடுப்படி விளக்கு மட்டும் எரிந்தது. காலையில் அம்மாவைப் பார்க்கப் போக வேண்டுமென்று அவள் சத்துமாவு வறுத்துக்கொண்டிருந்தாள். தங்கை வந்து நிலைப்படியில் நிற்பதைப் பார்த்ததும், ஏன்டி முகம் இப்படிக் கிடக்கு, வெயில்ல நடந்து வந்தியா என்று கேட்டாள். இந்த மூன்று வாரத்தில் அவளும் பாதியாகிப் போயிருந்தாள். அம்மா கவலை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

"ஆடி ஒண்ணாந்தேதி லேப்புல யாரு உக்காந்திருந்தா, அக்கா?"

கரண்டி நிற்கவில்லை. மாவைக் கிளறிக்கொண்டே இருந்தது. மாவு கருகும் வாடை வந்தபிறகுதான் புவனா எட்டிப் போய் அடுப்பை அணைத்தாள்.

"நான்தான்" என்றாள் சித்ரா. "அம்மா ரத்தத்துக்கு நான்தான் நம்பர் அடிச்சேன். திருச்சியில டாக்டர் சொன்னாரு பாரு, அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு எனக்கு. என்னைக் காட்டிக் குடுத்துடாதீங்கன்னு உங்க மாமா கால்ல விழுந்தேன். அப்பா மூஞ்சில எப்படிடி முழிப்பேன்? உங்க மாமா கண்ணகி பேரைச் சொல்லிட்டாரு. நானும் பேசாம இருந்துட்டேன்."

"நீ சரியாத்தான் அடிச்சே, அக்கா."

தப்பு தன் புரோகிராமில் என்று புவனா சொன்னாள். டியூப் கதையையே, அம்மா பெயரை மட்டும் வைத்துத் திரும்பச் சொன்னாள். சொல்லி முடித்ததும் அக்கா அழுவாள், அல்லது அடிப்பாள், இல்லையென்றால் பாரம் இறங்கிக் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தாள். சித்ரா எதுவும் செய்யவில்லை. கருகிய மாவைக் கரண்டியால் சட்டியின் ஓரத்துக்கு ஒதுக்கினாள்.

"அப்ப நான் தப்பே பண்ணல" என்றாள் மெதுவாக. "தப்பே பண்ணாத நான், தப்பே பண்ணாத இன்னொருத்தியப் புடிச்சுக் குடுத்திருக்கேன். தப்பு பண்ணிட்டுக் குடுத்திருந்தாலாவது ஒரு கணக்குல சேரும்."

நாளைக்கு ஒன்பது மணிக்குக் கண்ணகி வந்து நிற்பாள் என்று புவனா சொன்னாள். தான் சொல்லப் போவதாகவும் சொன்னாள். சென்னை வேலை போனால் போகட்டும் என்றாள். அப்பாவிடமும் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ அந்தப் பக்கமே வர வேண்டாம் என்றாள்.

 அடுப்பு மேடையில் இருந்த செல்போன் அடித்தது. சித்ரா எடுத்துக் காதில் வைத்தாள். ம் என்றாள். எங்க என்றாள். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

போனை வைத்துவிட்டுத் தங்கையைப் பார்த்தாள்.

"உங்க மாமா ராத்திரி வர மாட்டாராம். ஆலத்தியூர்ல அந்த வூடு பூட்டிக் கெடக்காம். அந்த ஆளு மயங்கி விழுந்து, தஞ்சாவூர் ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போயி நாலு நாளாச்சாம். இன்னும் கண்ணைத் தொறக்கலைன்னு பக்கத்து வூட்டுல சொன்னாங்களாம். இவரு அங்க போறாராம். யாருடி அந்த அரியமுத்து? அவருக்கு என்னான்னா இவரு ஏன் ஓடணும்?"

இதை மட்டும் புவனா இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"அம்மாவுக்கு அடிச்ச அன்னைக்கு நீ இன்னும் மூணு பேருக்கும் அடிச்சே, அக்கா. நாலு பேருக்கும் ஒரே எண்ணுதான் போயிருக்கு."

சித்ரா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். எதையோ தேடுவதுபோல அவள் கண்கள் சுவரில் அலைந்தன.

"ஒல்லியா, பச்சைத் துண்டு போட்டுக்கிட்டு ஒருத்தரு உக்காந்திருந்தாரு. நேரமாவுதேன்னு நான் கேட்டதுக்கு, கரண்டு வரட்டும், ஒண்ணும் அவசரமில்லம்மான்னு சொன்னாரு. அவராடி?"

புவனாவுக்குத் தெரியவில்லை. அவள் பார்த்ததெல்லாம் திரையில் ஒரு பெயரையும் பக்கத்தில் ஓர் எண்ணையும்தான். அந்த எண்ணும் அவருடையது இல்லை.